மலைநாட்டில் ஒரு சொந்தச் செய்திச் சர்வர்: அதன் வாயிலைப் பற்றிய விசாரணை

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடமோ, தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பி விவசாயிகளின் சங்கமோ, ஓர் ஆஸ்பத்திரியோ, தன் அங்கத்தினர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளையும் படங்களையும் கணக்குகளையும் அயல்நாட்டுக் கம்பெனி ஒன்றின் யந்திரங்களில் ஒப்படைத்து வைப்பதைக் காட்டிலும், தன் கட்டடத்திலேயே ஒரு சர்வரை நிறுத்தி அதில் வைத்துக்கொள்வது உசிதமா என்று யோசிக்கத் தொடங்கினால், அந்த யோசனையை வீண் ஆடம்பரம் என்று இன்று எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2021 ஜனவரியில் வாட்ஸப் தன் அந்தரங்க விதிகளை மாற்றப்போவதாக அறிவித்தபோது கோடிக்கணக்கானவர்களுக்கு உண்டான கலக்கமும், அதே வருஷம் அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் கம்பெனி பராமரிப்பு வேலை ஒன்றின்போது தன் வலைப்பின்னலை அடையும் வழிகளைத் தானே துண்டித்துக்கொண்டதனால் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் வாட்ஸப் ஊமையாகிப் போனதும், பிறர் வீட்டுத் திண்ணையில் குடித்தனம் நடத்துவதன் அசௌகரியத்தைச் சாமானிய ஜனங்களுக்கும் உணர்த்திவிட்டன.

சொந்தமாக நடத்துவதற்கு வேண்டிய நிரல்களுக்குப் பஞ்சமில்லை. மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இயங்கும் சினாப்ஸ், மேட்டர்மோஸ்ட், ராக்கெட் சாட், சூலிப், பழைய எக்ஸ்எம்பிபி மரபில் வந்த இஜாபர்ட், பிராசடி என்று இவற்றுள் எதை எடுத்தாலும் ஒரு சிறிய ஸ்தாபனத்தின் தேவைக்குப் போதும். பிரெஞ்சு அரசாங்கம் தன் உத்தியோகஸ்தர்களுக்காக 2019இல் ஏற்படுத்திய சாப் என்னும் சேவையும், ஜெர்மானிய ராணுவத்தின் செய்திச் சேவையும் மேட்ரிக்ஸின்மேல் கட்டப்பட்டவை. மொசில்லா நிறுவனம் 2020இல் தன் பழைய ஐஆர்சி அறைகளை மூடிவிட்டு அதற்கே குடிபெயர்ந்தது. நம் நாட்டிலும், இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தார் தொண்டர்களைக்கொண்டு பொட்டெரி என்னும் சேவையை நடத்தியதையும், எக்ஸ்எம்பிபியில் இயங்கும் பிராவ் என்ற செயலியை அதன் உபயோகஸ்தர்களே உடைமையாளராக இருக்கும் கூட்டுறவு ஸ்தாபனமாக நடத்த முற்பட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸோஹோ 2021இல் வெளியிட்டு 2025ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் திடீரென்று பேர்பெற்ற அரட்டை என்னும் செயலி தமிழ்நாட்டில் பிறந்ததென்பதில் நமக்குப் பெருமை இருக்கலாம். ஆனால் அதன் சர்வரும் உபயோகிப்பவனுடையதன்று, கம்பெனியுடையதே. ஆகையால் அது இந்த விசாரணைக்குப் புறம்பானது.

நிரலைத் தேர்ந்தெடுப்பதில்தான் சகல சாமர்த்தியமும் அடங்கியிருப்பதாக எண்ணி, மாதக்கணக்கில் ஒப்பிட்டு நோக்கிவிட்டு, அதற்கு முன்னால் நிற்கவேண்டிய ரிவர்ஸ் பிராக்ஸியைக் கடைசி நாளில் எங்கிருந்தோ எடுத்த நான்கு வரிகளால் அமைத்து முடிப்பதே பெரும்பாலோர் வழக்கம். இது தலைகீழான முறை என்பது என் அபிப்பிராயம். சொந்தச் சர்வர் உண்மையில் சொந்தமா, அதன் ரகசியம் ரகசியமா, மழைக்காலத்தில் அது உயிரோடிருக்குமா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை உள்ளே இருக்கும் நிரலில் இல்லை; வாயிலில் இருக்கிறது.

பழனியில் மலையேறுகிறவன் தண்டாயுதபாணியைத் தரிசிப்பதற்கு முன், வழியில் காவலனாக நிற்கும் இடும்பனை வணங்கிவிட்டே மேலே செல்வது மரபு. ரிவர்ஸ் பிராக்ஸியின் ஸ்தானமும் அத்தகையதே. வெளியுலகத்திலிருந்து வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் முதலில் அதனிடம் வந்து, அதன் பரிசோதனைக்கு உட்பட்டு, பிறகே உள்ளே உறையும் நிரலுக்கு அனுப்பப்படுகிறது. உள்ளிருப்பவரை நேரே அணுக எவருக்கும் வழியில்லை, இருக்கவும் கூடாது. சினாப்ஸ் 8008ஆம் போர்ட்டிலும், மேட்டர்மோஸ்ட் 8065இலும், ராக்கெட் சாட் 3000இலும் செவிசாய்த்து நிற்க, வெளியார் அறிந்த 443 என்னும் ஒரே கதவைத் திறந்து, ரகசியக் குறியாக்கத்தின் பாரத்தைத் தான் தாங்கி, ஒரே பொது முகவரியில் செய்திச் சர்வரையும் பள்ளியின் இணையதளத்தையும் கோப்புக் களஞ்சியத்தையும் பெயரைக்கொண்டு பிரித்தனுப்புவது அதன் நித்திய கைங்கரியம். ரஷ்யரான ஈகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ், அதற்கும் முந்தி 2001இல் பிரெஞ்சுக்காரர் வில்லி டாரோ வெளியிட்ட ஹெச்ஏபிராக்ஸி, சான்றிதழைத் தானே வாங்கித் தானே புதுப்பித்துக்கொள்ளும் கேடி ஆகிய மூன்றும் இத்தொழிலில் பிரசித்தமானவை. முன் அனுபவம் இல்லாதவர்களுக்குக் கேடியையே நான் சிபாரிசு செய்வேன். கீழே சொல்லப்போகும் உபத்திரவங்களில் பாதியை அது கேளாமலே தவிர்த்துவிடுகிறது.

இணையப் பக்கம் ஒன்றை அனுப்பும் வேலைக்கும் செய்திச் சர்வரின் வேலைக்கும் உள்ள பேதத்தை அறியாமையே அநேக உபத்திரவங்களுக்கு மூலகாரணம். பக்கத்தைக் கேட்டவன் பெற்றுக்கொண்டு போய்விடுகிறான். செய்திச் சர்வரோடு தொடர்பு கொண்டவனோ, அடுத்த செய்தி எப்பொழுது வருமென்று அறியாதவனாய், மணிக்கணக்கில் வாய் திறவாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். இந்த நிலையைப் பல நிரல்கள், 2011இல் வகுக்கப்பட்ட வெப்சாக்கெட் என்னும் நெறிமுறையால் நடத்துகின்றன: சாதாரண வேண்டுகோளாகத் தொடங்கிய பேச்சை, அப்கிரேடு என்னும் ஹெடரின் மூலம், இருதரப்பும் இஷ்டப்படி பேசக்கூடிய நிரந்தரத் தொடர்பாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்த ஹெடரோ அடுத்தடுத்த இரு யந்திரங்களுக்கிடையிலான ஒரு தாவலுக்கு மட்டும் உரியதாகையால், என்ஜின்-எக்ஸ் போன்ற பிராக்ஸி அதைத் தன்னோடு நிறுத்திக்கொள்வதே இயல்பு; உட்புறத்தோடு எச்டிடிபி 1.1 முறையில் பேசும்படியும், அப்கிரேடு, கனெக்ஷன் என்னும் இரு ஹெடர்களையும் மறுபடி எழுதி அனுப்பும்படியும் நாமாகக் கட்டளையிட்டாலன்றி அது உள்ளே போய்ச் சேராது. அவ்வாறு கட்டளையிடாத சர்வரில் முதல் பக்கம் அழகாகத் திறக்கும்; நுழைவும் கிட்டும்; ஆனால் புதிய செய்தி எதுவும் தானாக வந்து விழாது, பக்கத்தைப் புதுப்பித்தால்தான் தெரியும். நிர்வாகி இணைப்பின் வேகத்தைக் குறைகூறிக்கொண்டிருப்பார்.

அதைச் சரிசெய்த பின்னும் அறுபது விநாடிக் கெடு ஒன்று காத்திருக்கிறது. உட்புறத்திலிருந்து அறுபது விநாடி வரையில் ஒரு சொல்லும் வராவிட்டால் தொடர்பு செத்துப்போனதென்று கருதி அறுத்துவிடுவது என்ஜின்-எக்ஸின் இயற்கை குணம். பகற்பொழுதில், பேச்சு மும்முரமாக நடக்கையில், இக்குணம் வெளிப்படுவதில்லை. இரவில் அரவம் அடங்கிய பிறகு கைப்பேசிகள் நிமிஷத்திற்கொரு முறை அறுபட்டு மறுபடி இணைந்து, மின்கலத்தை வீணாகக் கரைத்துக்கொண்டிருக்கும். மேட்ரிக்ஸின் செயலிகள் பொதுவாக வெப்சாக்கெட்டை நாடாமல், முப்பது விநாடிக்கு ஒருதரம் கேள்வியைப் புதுப்பிக்கும் நீண்ட காத்திருப்பு முறையைக் கையாளுவதால் அவற்றிற்கு இக்கெடு பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அதே காத்திருப்பு முறையைத் தன் போக்கில் கையாளும் சூலிப்போ, கெடுவை இருபது நிமிஷமாக நீட்டும்படியும், பதிலைத் தேக்கிவைத்து மொத்தமாக அனுப்பும் வழக்கத்தை நிறுத்தும்படியும் தன் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கிறது.

கோப்பின் பருமனைப் பற்றியதும் இத்தகைய ஒரு மௌன விதிதான். ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட எதையும் என்ஜின்-எக்ஸ், நாம் சொல்லாமலே, மறுத்துவிடும். இந்நாளில் கைப்பேசியில் எடுத்த ஒரு போட்டோவே அதைத் தாண்டிவிடும்.

மேட்ரிக்ஸைத் தெரிந்தெடுத்தவர்கள் கவனிக்கவேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. வேண்டுகோளை உள்ளே அனுப்பும் பிராக்ஸி பாஸ் என்ற வரியில், போர்ட் எண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு சாய்கோட்டை மிகையாக இட்டுவிட்டால், என்ஜின்-எக்ஸ் முகவரியைத் தன் இலக்கணப்படி திருத்தி எழுதி அனுப்பும். வேறொரு சர்வர் தன் கையொப்பத்தோடு அனுப்பிய வேண்டுகோளில் முகவரியும் கையொப்பத்திற்கு உட்பட்டதாகையால், திருத்தப்பட்ட மறுகணமே கையொப்பம் பொய்த்துப்போகும். உள்ளூர்ப் பேச்சில் குற்றமொன்றும் காணாமல், வெளிச் சர்வர்களோடு உறவு மட்டும் முறிந்து நிற்பதன் காரணம் ஒரு சாய்கோடென்று கண்டுபிடிக்க ஒருவனுக்கு எத்தனை பொழுது பிடிக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். வெளிச் சர்வர்கள் 8448ஆம் போர்ட்டை நாடி வரும் வழக்கத்தையோ, வெல்-நோன் என்னும் அடைவில் ஒரு சிறு குறிப்பை வைத்து 443க்கே திருப்பிவிடலாம். மற்றொரு கதவைத் திறந்துவைப்பதைவிட அதுவே மேல்.

வந்தவன் யார் என்பதை உள்ளே அறிவிக்கும் கடமையும் வாயிற்காவலனுடையது. பிராக்ஸியின் வழியாக வரும் சகலரும், அதை அறிவிக்காத பட்சத்தில், 127.0.0.1 என்னும் ஒரே உள்முகவரியிலிருந்து வந்தவர்களாகவே உள்நிரலுக்குத் தோன்றுவர். ஒரு மாணவன் கடவுச்சொல்லைப் பத்துத் தடவை தப்பாக அடித்தால், தண்டனையாகப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் கதவு அடைபடும். இதற்காக ஏற்பட்ட எக்ஸ்-ஃபார்வர்டெட்-ஃபார் என்னும் ஹெடரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புதல் ஆகாது. ஏனெனில் வெளியே நிற்பவன் தானே அதைப் பொய்யாக எழுதி அனுப்பலாம். பிராக்ஸி தன் கையால் எழுதிய பகுதியை மட்டுமே உள்நிரல் பிரமாணமாகக் கொள்ளவேண்டும்; பிராக்ஸியைத் தவிர்த்து உள்நிரலைத் தொட வேறு மார்க்கம் இல்லை என்பதும் நிச்சயமாக இருக்கவேண்டும். டாக்கர் பெட்டிகளில் நிரல்களை நிறுவுகிறவர்கள் இந்த இடத்தில் மோசம்போவது சகஜம். முகவரி குறியாமல் ஒரு போர்ட்டை வெளிப்படுத்தினால், டாக்கர் யுஎஃப்டபிள்யூ என்னும் காப்புச்சுவரைக் கேளாமலே அதை உலகத்துக்குத் திறந்துவிடும். முன்வாயிலில் பூட்டும் காவலும் பலமாயிருக்க, புழக்கடை திறந்து கிடக்கும். சினாப்ஸின் நிர்வாகப் பாதைகளையும் வெளியாருக்குத் தெரியவிடாமல் பிராக்ஸியிலேயே அடைப்பது அவசியம்.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். வாயில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதில்தான் மலைநாட்டின் பிரத்தியேகம் தலைகாட்டுகிறது. பழனி மலைத்தொடரின் உயரம் சில காரியங்களுக்குப் பெரும் அனுகூலம்: 1901 முதல் சூரியனை ஆராய்ந்துவரும் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததற்குத் தெளிந்த மலைவானமும் துணைநின்றது, கோடைப் பண்பலையின் 100.5 அலைவரிசை தென்மாவட்டங்கள் பலவற்றில் கேட்பதற்கும் கோபுரம் நிற்கும் உயரமே காரணம். இணையத்துக்கு இந்த உயரத்தால் பிரயோஜனம் ஏதுமில்லை. மலைப்பாதையைத் தழுவி வரும் கம்பிவடத்தையோ, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தாவும் அலையையோ நம்பித்தான் அது மேலே ஏறிவர வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் மண் சரிந்தாலும், சாலை அகலப்படுத்தும் யந்திரம் தோண்டினாலும், அறுபடுவது அந்த வடமே.

மேலும், கைப்பேசிக் கம்பெனிகளும் பல சிறு இணைப்பு வியாபாரிகளும் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் தனிப் பொதுமுகவரி தருவதில்லை. பல வீடுகளை ஒரே முகவரியின் மறைவில் வைத்து நடத்துகிறார்கள். அந்த மறைவிலிருந்து வெளியே பேசலாமே தவிர, வெளியார் உள்ளே வந்து கதவைத் தட்ட வழி கிடையாது. ஐபி பதிப்பு ஆறு பரவிவரும் இடங்களில் இத்தடை ஓரளவு நீங்குகிறதெனினும், வெளியூர் அங்கத்தினர் அனைவருக்கும் அது கிடைத்திருக்குமென்று நம்பிக் காரியத்தில் இறங்குவதற்கில்லை. எனவே நிலையான பொதுமுகவரியைக் கூடுதல் கட்டணத்திற்கு வாங்குவது, வாயிலைச் சமவெளியிலோ சென்னையிலோ மும்பையிலோ வாடகைக்கு எடுத்த சிறு யந்திரத்தில் நிறுத்தி அங்கிருந்து மலைக்குக் குறியாக்கம் செய்த தொடர்புச் சுரங்கம் அமைப்பது, கிளவுட்ஃபிளேர் போன்ற பெருங்கம்பெனி இலவசமாகத் தரும் சுரங்கத்தைப் பிடித்துக்கொள்வது என்று பல மார்க்கங்கள் பேசப்படுகின்றன.

கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றிலும் சுலபம். அதுவே என் மனத்துக்குச் சற்றும் ஒவ்வாதது. அந்தச் சுரங்கத்தில் குறியாக்கம் அவிழ்வது கம்பெனியின் யந்திரத்தில். மேட்ரிக்ஸில் இருமுனைக் குறியாக்கம் செய்த அறைகளின் செய்திகள் அதன் கண்ணில் படா. ஆனால் யார் யாரோடு எப்பொழுது பேசினர் என்பது படும். மேட்டர்மோஸ்ட்டிலும் சூலிப்பிலும் இருமுனைக் குறியாக்கம் இல்லையாகையால் செய்தியும் கடவுச்சொல்லும் சேர்ந்தே அங்கே வெளிச்சத்துக்கு வரும். அந்தக் கம்பெனி களவு செய்யுமென்று நான் சொல்லவில்லை; அயலாரை நம்பவேண்டாம் என்பதற்காகவே வீட்டில் சர்வரை வாங்கி வைத்தவர், வாயிற்சாவியை மற்றோர் அயலாரிடம் கொடுப்பதில் என்ன யுக்தி இருக்கிறது என்று மட்டுமே கேட்கிறேன். 2025 நவம்பர் 18ஆம் தேதி, தன் உள்ளமைப்புக் கோப்பு ஒன்று அளவுக்கு மீறிப் பெருத்ததனால் கிளவுட்ஃபிளேர் தடுமாறியபோது, அதன் பின்னால் ஒதுங்கியிருந்த தளங்களில் எண்ணிறந்தவை தாங்களும் செயலற்று நின்றன.

நடுவில் சொன்ன மார்க்கமே, சிறிது சிரமப்பட்டாலும், உத்தமம் என்று தோன்றுகிறது. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கர்னலில் சேர்க்கப்பட்ட வயர்கார்டு என்னும் சுரங்கத்தை மலைச் சர்வரே வெளிநோக்கித் தொடங்கி, இருபத்தைந்து விநாடிக்கொரு முறை ஒரு சிறு துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தால், இடையிலுள்ள மறைப்பு அவ்வழியை மூடாமல் வைத்திருக்கும். வாடகை யந்திரத்தில் நிற்கும் பிராக்ஸியோ குறியாக்கத்தை அவிழ்க்கவே வேண்டியதில்லை. தொடக்கக் கைகுலுக்கலில் மறைக்கப்படாமல் வரும் டொமைன் பெயரை மாத்திரம் படித்துவிட்டு, உறையைப் பிரிக்காமல் அப்படியே மலையில் நிற்கும் இரண்டாவது பிராக்ஸிக்கு அனுப்பும்படி என்ஜின்-எக்ஸையும் ஹெச்ஏபிராக்ஸியையும் அமைக்கலாம். அந்தரங்கச் சாவி கொடைக்கானலை விட்டு இறங்குவதேயில்லை, வாடகை யந்திரத்தைக் களவாடியவனுக்கும் கிடைப்பது சொற்பம். உறையைப் பிரிக்காதவன் அதனுள் வருகையாளனின் முகவரியை எழுதிவைக்க முடியாதாகையால், அதற்கென்று ஹெச்ஏபிராக்ஸிக்காரர்கள் வகுத்த பிராக்ஸி புரோட்டோகால் என்னும் முன்குறிப்பை இரு முனைகளிலும் இயக்கவேண்டும். ஒரு முனையில் மட்டும் இயக்கினால் ஒன்றுமே வேலை செய்யாது.

சட்டத்தின் கையும் இவ்வாயிலை எட்டுகிறது. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு ஸ்தாபனமான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, இந்திய ஸ்தாபனங்கள் தங்கள் கணினிப் பதிவேடுகளை 180 நாள் காத்து வைக்கவேண்டுமென்றும், அசம்பாவிதங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டுமென்றும் விதிக்கிறது. பதிவேடுகளில் முக்கியமானது பிராக்ஸியினுடையதே. முகவரியோடு வரும் ரகசிய டோக்கன்கள் அப்பதிவேட்டில் எழுத்துப் பிசகாமல் பதியும் அபாயம் இருப்பதால், எதை எழுதுவது எதை விடுவது என்பதை முன்னமே தீர்மானித்துக்கொள்ளுதல் நலம். 2023 மேயில், ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் உபயோகிப்பதாகக் காரணங்காட்டி, மேட்ரிக்ஸின் பிரதானச் செயலியான எலிமென்ட் உட்பட 14 செயலிகள் தடைசெய்யப்பட்டன என்பதையும், சொந்தச் சர்வர் வைத்திருப்பவர் தம் அங்கத்தினருக்கு ஒரே செயலியை மட்டும் பழக்கிவிடாமல் இருப்பதற்கு ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிராக்ஸியின் எல்லைக்கு அப்பாற்பட்ட காரியங்களும் உண்டு. குரல், காணொளி அழைப்புகளின் ஒலியும் படமும் பெரும்பாலும் யுடிபி வழியாகச் செல்வனவாகையால் 443இல் நிற்கும் காவலனைத் தொடுவதில்லை. அவற்றிற்கு, அழைப்பை இடைநின்று கடத்தும் கோடர்ன் போன்ற டர்ன் சர்வர் ஒன்றைப் பொதுமுகவரியுள்ள வாடகை யந்திரத்தில் தனியே நிறுவவேண்டும். தூங்கும் கைப்பேசியைத் தட்டி எழுப்பும் அறிவிப்புகளோ கூகிள், ஆப்பிள் இருவரின் யந்திரங்கள் வழியாகவே பெரும்பாலும் போகின்றன. சொந்தச் சர்வரின் சுதந்திரத்துக்கு இவ்விடத்தில் ஓர் எல்லைக்கோடு விழுந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலைவாசிகளுக்கு மிக முக்கியமானதாக நான் கருதுவது, இத்தகைய விளக்கங்களில் அநேகமாக எவரும் பேசாத ஒரு நிலைமை. வாயில் சமவெளியில் மட்டும் நிற்குமானால், வடம் அறுபட்ட நாளில் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இருவர், பக்கத்து அலமாரியில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒருவருக்கொருவர் ஒரு சொல் அனுப்ப முடியாமல் தவிப்பர். ஏனென்றால் அவர்கள் பேச்சு மலையிறங்கிப் போய்த் திரும்பி ஏறிவரவேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கரைகடந்த கஜா புயல் உள்நாட்டின் குறுக்கே வந்து கொடைக்கானல் மலையையும் தாக்கி, மரங்களைச் சாய்த்து மின்சாரத்தையும் சாலைகளையும் துண்டித்ததைக் கண்டவர்களுக்கு இது கற்பனையான கஷ்டமாகத் தோன்றாது. பரிகாரம் கடினமானதன்று. குறியாக்கம் அவிழும் பிராக்ஸி மலையிலேயே இருக்கும் மேற்சொன்ன அமைப்பில், கட்டடத்துக்குள் இருக்கும் பெயர்ச் சர்வர், அதே டொமைன் பெயருக்கு வெளிமுகவரியைச் சொல்லாமல் உள்முகவரியைச் சொல்லும்படி செய்துவிட்டால் போதும். வளாகத்து வைஃபையில் இருக்கும் கைப்பேசி நேரே உள்வாயிலுக்கு வரும், சான்றிதழும் அதே பெயருக்குரியதாகையால் ஆட்சேபம் எழாது.

லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் அச்சான்றிதழை, வெளியார் வந்து கதவைத் தட்டிப் பார்க்கும் முறையில் வாங்காமல், டொமைனின் பெயர்ப் பதிவில் ஒரு வரியை எழுதிக்காட்டி வாங்கினால், வாயில் வெளியே தெரியவேண்டிய கட்டாயமும் இல்லை. இப்போது அதன் ஆயுள் 90 நாள்; 2028இல் 45 நாளாகக் குறையப்போகிறது. புதுப்பிக்கும் வேலையை மாத முடிவுக்கென்று ஒதுக்காமல் தினந்தோறும் முயலும்படி அமைத்துவிட்டால், ஒரு வாரத் துண்டிப்பு வந்தாலும் சான்றிதழ் காலாவதியாகாது. சர்வரும் பிராக்ஸியும் உள்ளூர் ரூட்டரும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் அற்பமாகையால், ஒரு சாதாரண இன்வர்ட்டரே அவற்றை ஓர் இரவுக்கு மேல் ஓட்டும். மின்வெட்டு நீடிக்கும் ஊர்களில் கூரையின்மேல் ஒரு சூரியத் தகடும் வேண்டியிருக்கும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் இருக்கும் அங்கத்தினர்களுக்கு, வடம் அறுபட்ட நாளில், இவ்வேற்பாட்டால் பலனில்லை. அவர்களுக்கும் எட்டவேண்டுமானால் கூரைக்குக் கூரை அலைத்தட்டுகளை நேருக்குநேர் நிறுத்தி உள்ளூர் வலை ஒன்றை விரிக்கவேண்டும். மலைமுகடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடங்களில் அதற்குச் செலவு அதிகமில்லை, பள்ளத்தாக்குகளில்தான் அதிகம்.